ஊகிக்க இடம் கொடுங்கள்

நிரல்மொழிகளை வடிவமைப்பவர்களுக்கும் அவற்றோடு வரும் ஆயத்த நிரல்களின் தொகுப்பான ஸ்டாண்டர்டு லைப்ரரிகளைப் பராமரிப்பவர்களுக்கும்,

வணக்கம்.

ஒரே ஓர் எழுத்தால் எனக்கு இரண்டு நாள் போனது. அதைச் சொல்லியே தொடங்குகிறேன். ஒரு பக்கத்தின் மேல்பகுதியில் கடைசியாக வந்த மூன்று ஆர்டர்களைத் தனியாகக் காட்ட வேண்டும், கீழே முழுப் பட்டியலும் இருக்க வேண்டும். ஜாவாஸ்கிரிப்ட் என்ற நிரல்மொழியில் ஒரு அரேயின், அதாவது வரிசைப்பட்டியலின், முதல் மூன்றை எடுக்க ‘ஸ்லைஸ்’ இருக்கிறது. 0, 3 என்று இரண்டு எண்களைக் கொடுத்தால் போதும். நான் எழுதியது ‘ஸ்ப்ளைஸ்’, ஆங்கிலத்தில் ஒரு ‘பி’ மட்டும் கூடுதல். கொடுத்ததும் அதே 0, அதே 3. திரையில் வந்ததும் அதே மூன்று ஆர்டர்கள்தான். சோதித்துப் பார்த்தேன், சரியாக இருந்தது, அனுப்பிவிட்டேன்.

ஸ்லைஸ் நகல் எடுத்துத் தரும். ஸ்ப்ளைஸ் பிடுங்கித் தரும். பக்கம் ஒவ்வொரு முறை புதிதாக வரையப்படும்போதும் பட்டியலின் தலையிலிருந்து மூன்று மூன்றாக உதிர்ந்துகொண்டிருந்தது. ‘சில ஆர்டர்களைக் காணோம்’ என்று புகார் வந்ததும் முதலில் டேட்டாபேஸைக் குடைந்தேன். பிறகு சர்வர் பதிவுகளை வரிவரியாகப் பார்த்தேன். அந்த ஒரு வரியை மட்டும் குறைந்தது இருபது தடவை தாண்டிப் போயிருப்பேன். கண்ணுக்கு ஸ்லைஸ் என்றே தெரிந்தது.

இன்னொன்றும் கவனியுங்கள். ஸ்லைஸில் இரண்டாவது எண் எங்கே நிறுத்த வேண்டும் என்பதைச் சொல்கிறது. ஸ்ப்ளைஸில் அது எத்தனை எடுக்க வேண்டும் என்பதைச் சொல்கிறது. 2, 5 என்று கொடுத்தால் முதலாவது மூன்றைத் தரும், இரண்டாவது ஐந்தைத் தரும். பிழை அப்போதே வெளிப்பட்டிருக்கும். 0-இலிருந்து தொடங்கும்போது மட்டும் இரண்டின் விடையும் ஒன்றாகிவிடுகிறது. நிரலாளர்கள் அதிகம் தொடங்கும் இடமே அந்த 0-தான்.

தவறாக எழுதியது நான். அதை வேறு யார் தலையிலும் கட்ட வரவில்லை. ஆனால் ஒன்று கொடுத்த பொருளைத் தொடாது, மற்றொன்று அதையே அழிக்கும் என்னும் அளவுக்கு வேறுபாடு இருக்கையில், இரண்டுக்கும் நடுவே ஒற்றை எழுத்தை மட்டும் வேலியாக வைத்தது யாரோ எடுத்த முடிவு. பெயர் வைக்கும் அந்த முடிவுகளைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும்.

நம் இலக்கணம் பெயர்களை இடுகுறிப்பெயர், காரணப்பெயர் என்று பிரிக்கிறது. மண், மரம் இவை இடுகுறி. ஏன் அப்படிப் பெயர் என்று கேட்டால் விடை இல்லை, வழிவழியாக வந்தது, அவ்வளவுதான். நாற்காலி, பறவை இவை காரணப்பெயர்கள். நான்கு கால் இருப்பதும் பறப்பதும் பெயரிலேயே இருக்கின்றன. ஒரு லைப்ரரியில் இருக்கும் ஃபங்ஷன்களின், அதாவது பெயர் சொல்லி அழைத்தால் ஒரு வேலையைச் செய்துதரும் நிரல்துண்டுகளின், பெயர்கள் அத்தனையும் காரணப்பெயர்களாகவே பிறக்கின்றன. ‘ரிப்ளேஸ்’ என்றால் மாற்றும், ‘கவுன்ட்’ என்றால் எண்ணும். அதனால்தான் ஒரு மொழியில் முப்பது நாற்பது ஃபங்ஷன்களைப் பழகியவருக்கு, இதுவரை பார்க்காத அடுத்த ஃபங்ஷன் என்ன பெயரில் இருக்கும் என்று ஊகிக்க முடிய வேண்டும். முறை மாறிய பெயர்கள் பெருகப் பெருக அந்த ஊகம் செத்துப்போகிறது. ஒவ்வொன்றையும் தனித்தனியே மனப்பாடம் செய்யத்தான் வேண்டும் என்றாகிவிட்டால், காரணப்பெயர் எல்லாம் இடுகுறிப்பெயர் ஆகிவிட்டது என்றே பொருள்.

ஒரு மாணவிக்கு, இணையதளங்கள் எழுதப் பயன்படும் பிஹெச்பி மொழியைச் சொல்லிக்கொடுத்தேன். ஸ்ட்ரிங்கில், அதாவது எழுத்துத்தொடரில், ஒரு பகுதியை மாற்ற ‘ஸ்ட்ர்_ரிப்ளேஸ்’, ஒரு ஸ்ட்ரிங்கைப் பலமுறை அடுக்க ‘ஸ்ட்ர்_ரிப்பீட்’. இரண்டையும் கற்றபின் ‘நீளம் பார்க்க என்ன இருக்கும்?’ என்று கேட்டேன். ‘ஸ்ட்ர்_லென்’ என்று நடுவே அண்டர்ஸ்கோரோடு, அதாவது கீழ்க்கோட்டோடு, தட்டினாள். பிழைச்செய்தி வந்தது, உண்மைப் பெயர் ‘ஸ்ட்ர்லென்’, நடுவே கோடு கிடையாது. அவள் ஊகித்த முறையில் ஒரு குறையும் இல்லை, கொடுத்த இரண்டு உதாரணங்களிலிருந்து சரியான விதியைக் கண்டுபிடித்திருந்தாள். ஆனால் அவள் சொன்னது, ‘எனக்கு ஞாபகமே நிற்கமாட்டேங்குது சார்.’ இதுதான் என்னை மிகவும் உறுத்துகிறது. பெயரில் இருக்கும் ஒழுங்கின்மையைக் கற்பவர் தன் மூளையின் குறையாக எடுத்துக்கொள்கிறார்.

பிஹெச்பியைப் பழிப்பது என் நோக்கமில்லை. இணையத்தின் பெரும்பகுதி அதன்மேல்தான் எழுந்தது, நானும் அதில்தான் சம்பாதித்தேன். ஆனாலும் நாம் பேசும் பொருளுக்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடையாது. ‘யுஆர்எல்என்கோட்’ ஒரே சொல். ‘பேஸ்64_என்கோட்’ நடுவில் அண்டர்ஸ்கோருடன். ‘இஸ்செட்’ ஒட்டியது, ‘இஸ்_நல்’ பிரிந்தது. ஹெச்டிஎம்எல் குறிகளாக மாற்றுவதற்கு ‘ஹெச்டிஎம்எல்என்டிட்டீஸ்’, வினைச்சொல்லே இல்லை, பன்மை, முழுக்க ஒட்டியது. அதையே திருப்பி எடுப்பதற்கு ‘ஹெச்டிஎம்எல்_என்டிட்டி_டிகோட்’, வினைச்சொல் உண்டு, ஒருமை, இரண்டு அண்டர்ஸ்கோர். ஒன்றுக்கொன்று நேர்மாறான இரண்டு வேலைகள் இவை. பெயரைப் பார்த்தால் ஒரே வீட்டில் பிறந்தவை என்று சொல்ல முடியுமா?

இல்லாத பெயரைத் தட்டினால் அது பிழைச்செய்தியில் நின்றுவிடும், பத்து நொடி போகும், அவ்வளவே. ஆர்க்யுமென்ட் வரிசை, அதாவது ஃபங்ஷனுக்குக் கொடுப்பவற்றின் வரிசை, அப்படியல்ல. அதுவும் பெயரிடும் முறையின் பகுதிதான் என்று நான் உறுதியாக நினைக்கிறேன், ஏனென்றால் அதையும் நாங்கள் ஊகித்துத்தான் எழுதுகிறோம். தேடும் பொருளை ஊசி என்றும் தேடப்படும் இடத்தை வைக்கோல்போர் என்றும் சொல்வார்கள். ஸ்ட்ரிங்குக்குள் தேடும் ‘ஸ்ட்ர்பாஸ்’ முதலில் வைக்கோல்போரையும் பிறகு ஊசியையும் கேட்கிறது. அரேக்குள் தேடும் ‘இன்_அரே’யில் முதலில் ஊசி, பிறகு வைக்கோல்போர். ‘ஸ்ட்ரிங் என்றால் போர் முதலில், அரே என்றால் ஊசி முதலில்’ என்று ஒரு சூத்திரம் சொல்லித் தருவார்கள், நானும் சொல்லித் தந்திருக்கிறேன். ஆனால் அரே குடும்பத்துக்குள்ளேயே ‘அரே_மேப்’, ஒவ்வொன்றின்மேலும் இயக்க வேண்டிய ஃபங்ஷனை முதலில் கேட்கிறது, ‘அரே_ஃபில்டர்’ அரேயை முதலில் கேட்கிறது. ‘மேப் பல அரேக்களை வாங்கும், அதனால் அப்படி’ என்று காரணம் இருக்கிறது. காரணம் சரிதான். பயன்படுத்துபவர் அந்தக் காரணத்தையும் சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டியிருக்கிறது.

ஸ்ட்ர்பாஸில் இரண்டையும் இடம் மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும்? இரண்டும் ஸ்ட்ரிங். மொழிக்கு எந்தச் சந்தேகமும் வராது. சின்ன ஊசிக்குள் பெரிய வைக்கோல்போரைத் தேடிவிட்டு ‘கிடைக்கவில்லை’ என்று பதில் சொல்லும். அந்தப் பதில் சரியான பதில்போலவே நிரலுக்குள் பயணிக்கும். கெட்ட சொல்லை வடிகட்டும் நிரலில் இது நடந்தால் வடிகட்டியே இல்லாத மாதிரி ஆகிவிடும், ஒரு பிழைச்செய்தியும் வராது.

சி மொழிக்காரர்களுக்கு இது இன்னும் பழைய வலி. நினைவகத்தில் ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் படியெடுக்க, யுனிக்ஸ் இயங்குதளத்தின் ஒரு கிளையான பிஎஸ்டி வழியில் ‘பிகாப்பி’ இருந்தது. அதில் மூலம் முதலில், சேருமிடம் பிறகு. ஸ்டாண்டர்டு லைப்ரரியின் ‘மெம்காப்பி’யில் சேருமிடம் முதலில், மூலம் பிறகு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மாறும்போது பெயரை மட்டும் மாற்றிவிட்டு வரிசையை மறந்தால், புதிய காலியிடத்தை எடுத்து நல்ல தரவின்மேல் பூசிவிடும். யுனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான தரநிலையான போசிக்ஸின் 2008 பதிப்பில் பிகாப்பியை நீக்கிவிட்டார்கள். அதற்குள் எத்தனை பேர் தங்கள் தரவைத் தாங்களே அழித்திருப்பார்கள் என்பதற்குக் கணக்கேது.

இந்தப் பெயர்கள் ஏன் இப்படி அமைந்தன என்று தேடிப் போனால் கோபம் குறைகிறது, கவலை கூடுகிறது. சி மொழியின் 1989 தரநிலை, வெளியிலிருந்து இணைக்கப்படும் பெயர்களில் முதல் ஆறு எழுத்துகளுக்கு மட்டுமே உறுதி அளித்தது. நிரல்துண்டுகளை ஒன்றாக இணைக்கும் அன்றைய லிங்கர்கள் அவ்வளவைத்தான் தாங்கின. ‘ஸ்ட்ர்சிபிஒய்’, ‘ஸ்ட்ர்சிஎம்பி’ போன்ற மூச்சுத்திணறும் பெயர்களுக்குப் பின்னால் இப்படிப்பட்ட நெருக்கடி இருந்தது. பிஹெச்பியின் ஆரம்பநாள் கதை இன்னும் வியப்பானது. அதை உருவாக்கிய ராஸ்மஸ் லெர்டார்ஃப் பின்னாளில் தானே வெளிப்படையாகச் சொன்னார்: நூறுக்கும் குறைவான ஃபங்ஷன்கள் இருந்த காலத்தில், ஒரு ஃபங்ஷனைத் தேடியெடுக்கப் பெயரின் நீளத்தையே ஹாஷாக, அதாவது எந்த அறையில் தேடுவது என்று காட்டும் எண்ணாக, பயன்படுத்தினார்கள். அதனால் பெயர்கள் வெவ்வேறு நீளங்களில் பரவலாக விழும்படி பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தார்கள். 1994, 1995 கணினிக்கு அது நியாயமான சிக்கனம். அந்த ஹாஷ் முறை சீக்கிரமே போய்விட்டது. அதற்காக வைத்த பெயரை முப்பது ஆண்டு கழித்தும் இன்று கற்க வரும் பிள்ளை மனப்பாடம் செய்கிறது.

பெயர் தன் காரணத்தைவிட நீண்டகாலம் வாழும் என்பதற்கு யுனிக்ஸில் ‘கிரியேட்’ சாட்சி. புதிய கோப்பை உருவாக்கும் அந்த அழைப்பின் பெயரில் கடைசி ‘இ’ கிடையாது. யுனிக்ஸை மறுபடி வடிவமைத்தால் எதை மாற்றுவீர்கள் என்று அதை உருவாக்கியவர்களில் ஒருவரான கென் தாம்சனிடம் கேட்டபோது, ‘கிரியேட்’டை ‘இ’ போட்டு எழுதுவேன் என்றார். இணைத்த வட்டைக் கழற்றும், அதாவது ‘அன்மவுன்ட்’ செய்யும், கட்டளையிலும் ஓர் ‘என்’ காணாமல் போய் ‘யுமவுன்ட்’ என்றே இருக்கிறது. எந்தப் பக்கத்திலிருந்து வந்தோம் என்பதை உலாவி சர்வருக்குச் சொல்லும் ஹெச்டிடிபி ஹெட்டரான ‘ரெஃபரர்’, 1996-இல் வந்த ஹெச்டிடிபி 1.0 ஆவணத்திலேயே ஓர் ‘ஆர்’ குறைந்து அச்சானது. அதே விவரத்தை ஜாவாஸ்கிரிப்ட்டில் கேட்கும்போது சரியான எழுத்துக்கூட்டலில் கேட்க வேண்டும். ஒரே சொல்லைச் சர்வர் பக்கம் பிழையாகவும் உலாவி பக்கம் சரியாகவும் எழுதும் நிலை இன்றைக்கும் தொடர்கிறது. ஹெட்டரைத் திருத்த இனி யாராலும் முடியாது. உலகத்தின் ஒவ்வொரு சர்வரும் அந்தப் பிழையை எதிர்பார்த்துக்கொண்டிருக்கிறது.

வேறு மொழிகளும் தப்பவில்லை, சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். ஜாவாவில் அரேயின் நீளம் ‘லெங்த்’, அடைப்புக்குறி கிடையாது. ஸ்ட்ரிங்கின் நீளம் ‘லெங்த்’, அடைப்புக்குறி உண்டு. லிஸ்ட் என்றால் ‘சைஸ்’. ஆர் மொழியில் சொற்களுக்கு நடுவே புள்ளி வைப்பதும் வழக்கம், குறிப்பிட்ட வகைக்கான மெத்தடைக் குறிக்கவும் அதே புள்ளிதான். இதனால் புள்ளியியல் சோதனையான ‘டி.டெஸ்ட்’, அணியைத் திருப்பிப் போடும் ‘டி’ என்ற ஃபங்ஷனின் ‘டெஸ்ட்’ வகைக்கான வடிவம்போலக் காட்சியளிக்கிறது. ஆரில் ‘சிஸ்.டைம்’ இப்போதைய நேரத்தைச் சொல்லும், ‘சிஸ்டம்.டைம்’ ஒரு வேலை எவ்வளவு நேரம் எடுத்தது என்று அளக்கும். பைத்தானில் எல்லாம் அண்டர்ஸ்கோர் போட்டுச் சின்ன எழுத்தில் ஓடிக்கொண்டிருக்கும்போது, பதிவெழுதும் லாகிங்கும் சோதனைக்கான யூனிட்டெஸ்டும் ஜாவாவிலிருந்து இரவல் வாங்கிய வடிவத்தோடு பெரிய எழுத்தை நடுவில் வைத்துக்கொண்டு நிற்கின்றன. தன் லைப்ரரியின் பெயர்கள் கொஞ்சம் குளறுபடியாகவே இருக்கின்றன என்று பைத்தானின் எழுத்துநடைக் கையேடான பெப் 8 தானே ஒப்புக்கொள்கிறது. அந்த நேர்மைக்கு நன்றி.

பெரிய எழுத்து என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் எழுத்தில் பெரியது சின்னது என்ற பிரிவே இல்லை. உலகில் பல எழுத்துமுறைகளிலும் இல்லை. அப்படிப்பட்ட மொழியில் வளர்ந்தவருக்கு, சொல்லின் நடுவே ஓர் எழுத்து உயர்ந்து நிற்பது இயல்பாகக் கண்ணில் படும் அடையாளம் அல்ல, தனியாகப் பழக வேண்டிய ஒன்று. பழகிக்கொள்கிறோம். ஆனால் ஜாவாவில் ‘ஹாஷ்மேப்’பின் ‘எம்’ பெரிய எழுத்து, அதைவிடப் பழைய ‘ஹாஷ்டேபிள்’ளின் ‘டி’ சின்ன எழுத்து. ‘அரேகாப்பி’யில் ‘சி’யும் சின்னது. வாயால் சொல்லிக்கொடுக்கும்போது இந்த வேறுபாடு காதில் விழவே விழாது. ‘எக்ஸ்எம்எல்ஹெச்டிடிபிரிக்வெஸ்ட்’ என்ற ஒரே பெயருக்குள் எக்ஸ்எம்எல் முழுக்கப் பெரிய எழுத்தில், ஹெச்டிடிபி முதல் எழுத்து மட்டும் பெரியதாக. இரண்டும் ஒரே மாதிரிச் சுருக்கங்கள், ஒரே பெயருக்குள் இரண்டு விதி.

உங்களில் சிலர் இங்கே ஒரு நியாயமான கேள்வி கேட்பீர்கள். மனிதர் பேசும் மொழிகளில் மட்டும் ஒழுங்கு இருக்கிறதா? இல்லைதான். தமிழில் ‘வா’ வந்தான் ஆகிறது, ‘தா’ தந்தான் ஆகிறது, ‘சா’ செத்தான் ஆகிறது. ஆனால் எந்தச் சொற்கள் முறை மாறுகின்றன என்று பாருங்கள். வருவது, தருவது, சாவது. நாள் முழுக்க நாவில் புரளும் சொற்கள். குழந்தை அவற்றை ஆயிரம் தடவை கேட்டே பிடித்துக்கொள்கிறது. எப்போதாவது வரும் சொற்கள் பெரும்பாலும் விதிப்படியே நடக்கின்றன. அப்படி நடக்காவிட்டால் யாருக்கும் நினைவில் நிற்காது, பேச்சே காலப்போக்கில் அதைத் திருத்திவிடும். உங்கள் லைப்ரரிகளில் அப்படித் திருத்தம் நடப்பதில்லை. ஆண்டுக்கு ஒருமுறை தேவைப்படும் ஃபங்ஷனும் விதி மீறிய பெயரோடே உட்கார்ந்திருக்கிறது. ஆண்டுக்கு ஒருமுறை ஆவணத்தைத் திறந்து பார்க்கிறோம், மறக்கிறோம், மறுபடி திறக்கிறோம்.

பேச்சுமொழியிடமிருந்து நீங்கள் எடுத்துக்கொள்ளக்கூடிய நல்ல பாடமும் உண்டு. உருள் என்றால் தானே உருள்வது, உருட்டு என்றால் இன்னொன்றை உருளச் செய்வது. திருந்து, திருத்து. அடங்கு, அடக்கு. ஓடு, ஓட்டு. தன்வினை, பிறவினை என்று பள்ளியில் படிக்கும் முன்பே இது எங்களுக்குத் தெரியும். வல்லினம் ஒன்று அழுந்தி ஒலித்தால் வேலை யார்மேல் விழுகிறது என்பது மாறிவிடும். நிரலிலும் ஏறக்குறைய இதே கேள்விதான் வரிக்கு வரி எழுகிறது: இந்த ஃபங்ஷன் நான் கொடுத்ததையே மாற்றிவிடுமா, அதைத் தொடாமல் புதிதாக ஒன்று தருமா? பைத்தானில் ‘சார்ட்’ கொடுத்ததையே வரிசைப்படுத்தும், ‘சார்ட்டட்’ புதிதாக ஒன்றைத் தரும். ‘ரிவர்ஸ்’, ‘ரிவர்ஸ்டு’ இரண்டும் அதே வழி. ஸ்விஃப்ட் மொழி இதை எழுதிவைத்த விதியாகவே ஆக்கிக்கொண்டது. வெறும் ஏவல்வினை பொருளையே மாற்றும், ‘எட்’ அல்லது ‘இங்’ ஒட்டினால் புதியது வரும். இந்த விதி ஒன்று தெரிந்தால் நூறு ஃபங்ஷன் தெரிந்த மாதிரி. ஜாவாஸ்கிரிப்ட்டில் ‘சார்ட்’, ‘ரிவர்ஸ்’, ‘ஃபில்’, ‘ஸ்ப்ளைஸ்’ மாற்றும், ‘ஸ்லைஸ்’, ‘கான்கேட்’, ‘மேப்’ மாற்றாது. பெயரில் ஓர் அறிகுறியும் இல்லை. 2023 பதிப்பில் ‘டுசார்ட்டட்’, ‘டுரிவர்ஸ்டு’, ‘டுஸ்ப்ளைஸ்டு’ என்று மூன்றைச் சேர்த்தார்கள். முன்னொட்டைப் பார்த்ததுமே புதியது வரும் என்று புரிகிறது. அந்த மூன்று பெயர்களைப் பார்த்த அன்று எனக்கு அந்த இரண்டு நாள்தான் நினைவுக்கு வந்தது.

ரஸ்ட் மொழி இன்னும் ஒருபடி மேலே போகிறது. ‘ஆஸ்’ என்று தொடங்கினால் செலவில்லாமல் வேறு பார்வையில் காட்டும். ‘டு’ என்று தொடங்கினால் உழைப்பு தேவை, பெரும்பாலும் நகல் எடுக்கும். ‘இன்டு’ என்று தொடங்கினால் கொடுத்த பொருள் இனி உங்களுடையது இல்லை. பெயரின் முதல் அசையிலேயே விலை எழுதியிருக்கிறது. போதாக்குறைக்கு, ஃபங்ஷன் பெயரைச் சின்ன எழுத்தும் அண்டர்ஸ்கோருமாக எழுதாவிட்டால், நிரலை இயந்திரமொழிக்கு மாற்றும் கம்பைலரே எச்சரிக்கிறது. மைக்ரோசாஃப்ட்டின் கட்டளைமொழியான பவர்ஷெல்லும் இப்படித்தான். ‘கெட்’, ‘செட்’, ‘நியூ’, ‘ரிமூவ்’ என்று அங்கீகரித்த வினைச்சொற்களுக்கு ஒரு பட்டியல் வைத்திருக்கிறது. பட்டியலில் இல்லாத வினையோடு ஒரு மாட்யூலைக் கொண்டுவந்தால் எச்சரிக்கை காட்டும். விதியை ஆவணத்தில் மட்டும் எழுதிவைத்தால் அது வேண்டுகோளாகவே நின்றுவிடும். கருவிக்குள் வைத்தால்தான் பழக்கமாகும்.

‘இப்போதெல்லாம் ஆட்டோகம்ப்ளீட் இருக்கிறது, ஏஐ எழுதித் தருகிறது, இன்னும் பெயரைப் பற்றி என்ன பேச்சு’ என்று கேட்பவர்களையும் சந்தித்திருக்கிறேன். ஆட்டோகம்ப்ளீட்டுக்கு முதல் இரண்டு எழுத்து நாம் கொடுக்க வேண்டும். ஒன்று இருக்கிறதா என்று கேட்க, ஜாவாஸ்கிரிப்ட்டின் அரேயில் ‘இன்க்ளூட்ஸ்’, பக்கத்தின் கூறுகளில் ‘கன்டெய்ன்ஸ்’, மேப்பில் ‘ஹேஸ்’. எந்த எழுத்தைத் தட்டத் தொடங்குவது? ‘எஸ்’ தட்டினால் ஸ்லைஸும் ஸ்ப்ளைஸும் ஒரே பட்டியலில் வந்து நிற்கும். ஏஐ விஷயத்தில் என் கவலை இன்னும் அதிகம். எழுதும் வேலை இயந்திரத்துக்குப் போகப் போக, மனிதருக்கு மிஞ்சுவது படித்துச் சரிபார்க்கும் வேலை. நான் எழுதிய ஒரு வரியிலேயே ஸ்ப்ளைஸை என்னால் பார்க்க முடியவில்லை. வேறொன்று எழுதிய நானூறு வரியில் எப்படிப் பார்ப்பேன்? படிக்கும்போது கண்ணுக்குத் துணை பெயர் மட்டுமே.

பழைய நிரல்கள் உடைந்துவிடும் என்பது உங்கள் வலுவான தடை. அதை நான் மதிக்கிறேன். பெயரை மாற்றி வைத்து, ஓடிக்கொண்டிருக்கும் மருத்துவமனை மென்பொருளை நிறுத்தச் சொல்ல எனக்கு மனமில்லை. நல்லெண்ணம் இருந்தும் கைகட்டப்படுவது எனக்குத் தெரியும். அரேயில் சேர்க்கவிருந்த பெயர் ‘கன்டெய்ன்ஸ்’தான். மூடூல்ஸ் என்ற பழைய லைப்ரரி அதே பெயரை வேறு நடத்தையோடு ஏற்கெனவே பயன்படுத்தியதால், பழைய தளங்கள் உடையாமல் இருக்க ‘இன்க்ளூட்ஸ்’ என்று மாற்றினார்கள். 2018-இல் ‘ஃப்ளாட்டன்’ என்ற பெயருக்கும் அதே லைப்ரரியால் அதே கதி நேர்ந்து ‘ஃப்ளாட்’ ஆனது. சரியான பெயரைத் தெரிந்துகொண்டே விட்டுக்கொடுக்க வேண்டிய நிலை அது.

ஆனால் வழியே இல்லை என்று சொல்லாதீர்கள். பைத்தானின் லைப்ரரியில் த்ரெடிங் என்ற பகுதியில் இருந்த ‘கரன்ட்த்ரெட்’டுக்குப் பக்கத்தில், அண்டர்ஸ்கோர் போட்ட புதிய பெயரை 2008-இல் வைத்தார்கள். பழையதும் இயங்கியது. 2021-இல்தான் பழையதை வழக்கொழிந்தது என்று குறித்தார்கள். பதின்மூன்று ஆண்டு, யாரும் உடையவில்லை. இடமிருந்து வலமாக எழுதாத அரபு, எபிரேய மொழிகளுக்கு, தொடக்கத்து வெற்றிடத்தை வெட்டும் ‘ட்ரிம்_லெஃப்ட்’ (இடதை வெட்டு) பொருந்தாது என்று ரஸ்ட் ‘ட்ரிம்_ஸ்டார்ட்’ ஆக்கியது, ஜாவாஸ்கிரிப்ட்டும் அதேபோல் புதிய பெயருக்கு வந்தது. 2012-இல் முதல் நிலையான பதிப்பு வருவதற்கு முன், கோ மொழிக்காரர்கள் பெயரை மாற்றும்போது பழைய நிரலைத் தானாகத் திருத்தும் கருவியையும் சேர்த்தே கொடுத்தார்கள். ஸ்விஃப்ட் 3, 2016-இல் ஏராளமான பெயர்களை மாற்றியது. அன்று வலித்தது, நிறையப் பேர் திட்டினார்கள். இன்று புதிதாகக் கற்க வருபவர் அந்த வலியின் பலனை மட்டுமே பார்க்கிறார். பிஹெச்பி 2020-இல் கொண்டுவந்த ‘ஸ்ட்ர்_கன்டெய்ன்ஸ்’, ‘ஸ்ட்ர்_ஸ்டார்ட்ஸ்_வித்’, ‘ஸ்ட்ர்_எண்ட்ஸ்_வித்’ மூன்றும் ஒரே வார்ப்பு, மூன்றிலும் வைக்கோல்போர்தான் முதலில். இந்த மூன்றின் பெயரை அந்த மாணவியிடம் கேட்டால் முதல் ஊகத்திலேயே சரியாகச் சொல்லிவிடுவாள்.

எனவே நான் கேட்பது பெரிய புரட்சி இல்லை. ஒரு புதிய பெயரைச் சேர்க்கும்போது அதன் உடன்பிறந்தவர்கள் யார் என்று முதலில் பாருங்கள். அது எந்த விதியில் நிற்கிறது, எதிலிருந்து விலகுகிறது, ஏன் விலகுகிறது என்பதை முன்மொழிவிலேயே எழுதுங்கள். ஆர்க்யுமென்ட் வரிசையையும் பெயராகவே கருதி அதே கண்ணோடு பாருங்கள். பழைய தவறுகளுக்கு நல்ல பெயரைப் பக்கத்தில் வைத்து, பழையதைக் கண்டால், நிரலைப் படித்துக் குறை காட்டும் லிண்டர் கருவி மென்மையாக நினைவூட்டட்டும், அவசரமே வேண்டாம். மாற்றும் கருவியை நீங்களே எழுதிக் கொடுங்கள். உங்களில் ஒருவர் ஒரு வாரம் உட்கார்ந்தால் முடியும் வேலையை எங்களில் ஒவ்வொருவரும் தனித்தனியே ஒவ்வொரு மாலையும் செய்துகொண்டிருக்கிறோம்.

இன்னும் ஒன்று. பெயரைப் பூட்டும் முன், அந்த ஃபங்ஷனைப் பார்த்தே இராத பத்துப் பேரிடம் வேலையை மட்டும் சொல்லி, ‘இதற்கு என்ன பெயர் இருக்கும், எதை முதலில் கொடுப்பீர்கள்?’ என்று கேளுங்கள். ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத சிலரும் அதில் இருக்கட்டும். வந்த விடைகளை, தவறானவற்றையும் சேர்த்து, முன்மொழிவில் இணைத்துவிடுங்கள். பத்தில் எட்டுப் பேர் வேறு பெயரைச் சொன்னால் அவர்கள் சொன்ன பெயரை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். அந்தப் பத்துப் பேரில் ஒருவராக உட்கார நான் தயார். என்னிடம் படிப்பவர்களும் தயார், கேட்டுவிட்டேன். அடுத்த வெளியீட்டின் பெயர்ப் பட்டியலைப் பூட்டுவதற்கு ஒரு வாரம் முன்னால் அனுப்புங்கள், ஊகித்து எழுதித் தருகிறோம்.

இப்படிக்கு,
நிரல் எழுதியும் சொல்லிக்கொடுத்தும் வாழும் ஒருவன்